திண்டுக்கல் சமவெளியின் இரண்டு ஆவணங்கள்: சட்ட உதவி குறித்த ஒரு திறனாய்வு

நீதிமன்றத் தீர்ப்பையும் தொழில் உடன்படிக்கையையும் திறனாய்வுக்குரிய எழுத்துகளாக நாம் பொதுவாகக் கொள்வதில்லை. அவை வழக்கறிஞருக்கும் அலுவலருக்கும் உரியவை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் எளியோருடைய வாழ்வைத் தொடும் எழுத்துகளுள் இவற்றைவிட வலிமை மிக்கவை குறைவு. ஒரு கதையில் ஏழைக்கு நீதி மறுக்கப்படின் படிப்போர் மனம் வருந்தும். ஒரு தீர்ப்பில் அவன் மறக்கப்படின் அவனுடைய கிணறு உப்பாகவே கிடக்கும். ஆகவே எந்த எழுத்தையும் நோக்கிக் கேட்கும் கேள்விகளை இவற்றையும் நோக்கிக் கேட்பது முறையே. இதில் பேசுவோர் யார்? பேசப்படுவோர் யார்? எவர் குரல் இங்கே இல்லை? எழுதியது நிறைவேறாவிடில், அதைக் கேட்கும் உரிமை எவர் கையில் விடப்பட்டிருக்கிறது?

இக்கேள்விகளோடு திண்டுக்கல் சமவெளியைச் சார்ந்த இரண்டு ஆவணங்களை இக்கட்டுரையில் நோக்க விரும்புகிறோம். முதலாவது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. இரண்டாவது, 2022 ஏப்ரலில் ஆடைத் தொழிலாளர் சங்கம் ஒன்றும் உற்பத்தி நிறுவனமொன்றும் கையொப்பமிட்ட, 'திண்டுக்கல் உடன்படிக்கை' என்று உலகறியப் பெயர் பெற்ற ஒப்பந்தம். முன்னது தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரைப் பற்றியது. பின்னது ஆடை ஆலைகளில் பெண்கள் படும் வன்கொடுமையைப் பற்றியது. இரண்டுக்குமிடையே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. எனினும் குடகனாற்றின் போக்கில் திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் வரை பரந்த அதே வறண்ட சமவெளியின் எளிய மக்களே இரண்டிலும் பேசப்படுகின்றனர். மழை பொய்த்த நிலத்தை விட்டு மில்லுக்கும் கம்பெனிக்கும் செல்லும் குடும்பங்கள் இங்கு ஏராளம். ஆகவே இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது பொருந்தும் எனக் கருதுகிறோம்.

1. 'உதவி' என்னும் சொல்

ஆவணங்களுக்குள் புகுமுன், சட்ட உதவி என்னும் கருத்து நம் நாட்டில் வளர்ந்த விதத்தைச் சுருக்கமாக நினைவுகூர்தல் நலம். 1973இல் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு ஏழைகளுக்குச் சட்ட உதவி வழங்குவதைப் பற்றி அறிக்கை தந்தது. 1976இல் நாற்பத்திரண்டாவது திருத்தத்தின் வழியாக 39-அ என்னும் உறுப்பு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. பொருளின்மையாலோ பிற இயலாமையாலோ எந்தக் குடிமகனுக்கும் நீதி பெறும் வாய்ப்பு மறுக்கப்படலாகாது; அதற்கென அரசு இலவசச் சட்ட உதவி அளிக்கவேண்டும் என்பது அதன் கருத்து. இங்கே ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். நெருக்கடிநிலையின்போது, விசாரணையின்றிப் பல்லாயிரவர் சிறையிலிருந்த காலத்தில், ஏழைக்கு வழக்கறிஞர் கிடைப்பார் என்ற வாக்குறுதி அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அதுவும் நீதிமன்றத்தில் நேரடியாக வலியுறுத்த இயலாத வழிகாட்டு நெறிகளின் பகுதியிலேயே இடம்பெற்றது. 1979இல் பீகார்ச் சிறைகளில் விசாரணைக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தோரைப் பற்றிய உசைனாரா காத்தூன் வழக்கில்தான், இலவசச் சட்ட உதவி உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

1987இல் இயற்றப்பட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவு நம் கவனத்திற்குரியது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், கொத்தடிமைத்தனத்திற்கும் ஆள் கடத்தலுக்கும் ஆளானோர், பேரிடரில் சிக்கியோர், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோர் வருமான வரம்பைப் பாராமலே இலவச வழக்கறிஞரைப் பெற உரிமையுடையவர். பிறருக்கு மட்டுமே வருமான வரம்பு. திண்டுக்கல் சமவெளியில் ஆலைக்குச் செல்லும் ஒரு தலித் பெண் இப்பட்டியலில் ஒன்றுக்கு மூன்று வழிகளில் தகுதியுடையவள் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

தமிழில் இவ்வமைப்புகளுக்கு வழங்கும் பெயர்களையும் நோக்கலாம். மக்கள் வழக்கில் அது 'இலவச சட்ட உதவி'. பெயர்ப்பலகையில் அது 'சட்டப்பணிகள் ஆணைக்குழு'. உதவி என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது, நன்றியை எதிர்பார்ப்பது, நிறுத்தினாலும் கேள்வியில்லை. பணி என்பது செய்வோரின் கடமை. செய்யாவிடின் காரணம் கூறவேண்டியது. சட்டத்தின் பெயரில் கடமை இருக்க, வழக்கில் கருணையே நிலைத்துவிட்டது. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நாம் ஆராய எடுத்துக்கொண்ட இரண்டு ஆவணங்களும் இவ்விரு சொற்களுக்கிடையே எங்கே நிற்கின்றன என்பதே நம் வினா.

2. முதல் ஆவணம்: கிணறுகளைப் பற்றிய தீர்ப்பு

மக்கள் 'தோல்ஷாப்பு' என்றழைக்கும் தோல் பதனிடும் ஆலைகள் திண்டுக்கல்லின் பழைய தொழில்களுள் ஒன்று. பூட்டு, சுருட்டு, தோல் என்று இந்நகரின் பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வருவனவற்றுள் அதுவும் அடங்கும். ஆவாரம்பட்டை முதலிய மரப்பொருள்களால் பதனிட்ட காலம் மாறிக் குரோமியம் போன்ற வேதிப்பொருள்கள் வந்தபின், ஆலைகளைச் சூழ்ந்த நிலமும் நீரும் கெட்டன. வேலூர் வட்டாரத்தில் பாலாறு பட்ட துன்பமே இங்குக் கிணறுகளுக்கும் குளங்களுக்கும் நேர்ந்தது.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் அரசியலமைப்பின் 32ஆம் உறுப்பின்கீழ் நேரே உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கைத் தொடுத்தது. எம். சி. மேத்தா அவர்களுக்காக வாதிட்டார். நீதியரசர் குல்தீப் சிங், ஃபைசானுத்தீன், கே. வெங்கடசாமி ஆகியோரின் அமர்வு 1996இல் தீர்ப்பளித்தது. அதன் பெருமை சிறிதன்று. தோல் தொழில் அன்னியச் செலாவணியை ஈட்டுகிறது, வேலை தருகிறது என்பதைத் தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. எனினும் சூழலை அழித்து மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் உரிமை அதனால் எவருக்கும் வந்துவிடாது என்று உறுதிபடக் கூறுகிறது. கேடு நேருமுன் தடுக்கவேண்டும் என்ற முன்னெச்சரிக்கை நெறியும், கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்ற நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அறிவித்தது இத்தீர்ப்புதான். இதற்குப் பின் வந்த எண்ணற்ற சுற்றுச்சூழல் வழக்குகள் இதன்மேலேயே நிற்கின்றன.

திண்டுக்கல் இதில் எங்கே வருகிறது? இரண்டு இடங்களில் வருகிறது. கட்டளைப் பகுதியில், வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். என்று அக்காலத்தில் வழங்கிய ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 தண்டம் விதிக்கப்படும் இடம் ஒன்று. மற்றொன்று சான்றுப் பகுதியில் உள்ள ஒரே வாக்கியம். தன்னார்வ அமைப்பு ஒன்று திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களின் 13 சிற்றூர்களில் நடத்திய ஆய்வில், குடிநீருக்கும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுவிட்டன என்று தெரியவந்ததை அந்த வாக்கியம் பதிவு செய்கிறது. நான்கில் மூன்று கிணறுகள்! ஒரு வட்டாரத்தின் வாழ்வே சாய்ந்ததைச் சொல்லும் செய்தி அது. பரவலாக வழங்கும் தீர்ப்புப் பதிப்புகளில் ரெட்டியார்சத்திரம் என்னும் ஊர்ப்பெயர் முதலெழுத்து மாறிப் 'பெட்டியார் சத்திரம்' என்று படும்படி அச்சாகியிருக்கிறது. அச்சுப்பிழைக்காக நீதிபதிகளைக் குறைகூறுவது நேர்மையாகாது. ஆயினும் அவ்வூர்க்காரர் ஒருவர் ஒருமுறை படித்திருந்தால் உடனே திருந்தியிருக்கக்கூடிய பிழை, இத்தனை ஆண்டுகளாக மேற்கோளுக்கு மேற்கோள் தாவி வருகிறது என்பது நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. இவ்வாவணத்தைப் படித்து வருவோர் வேறு. அதில் எழுதப்பட்டோர் வேறு.

சட்ட உதவியின் நோக்கில் இத்தீர்ப்பில் பாராட்டத்தக்க செய்தி ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் சட்ட உதவி மற்றும் ஆலோசனை வாரியம் இரண்டு வழக்கறிஞரை ஆலைப் பகுதிகளுக்கு அனுப்பி, நேரில் கண்டு அறிக்கை தருமாறு கேட்டுக்கொண்டது; கிணற்று நீர் எடுத்துச் சோதிக்கப்பட்டது; அவ்வறிக்கை தீர்ப்பில் சான்றாக நிற்கிறது. சட்ட உதவி என்பது விவாகரத்து வழக்குக்கும் ஜீவனாம்ச வழக்குக்கும் வக்கீல் அமர்த்தித் தருவதோடு முடிவதில்லை. ஊருக்குள் சென்று உண்மையைத் திரட்டி, வழக்காக்கும் நிலைக்குக் கொண்டுவருவதும் அதன் பணியே என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. வழக்கை நடத்தியதற்காக ரூ.50,000 அரசே தரவேண்டும் என்ற கட்டளையையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும். பொதுநலனுக்காக வாதிடுவோரின் செலவைப் பொதுவே ஏற்கவேண்டும் என்ற நெறி அதில் அடங்கியிருக்கிறது.

3. அத்தீர்ப்பின் மௌனங்கள்

இவ்வளவு உயர்ந்த ஆவணத்தில் நாம் காணாதவை எவை?

முதலாவது, ஆலைக்குள் வேலை செய்வோர். தோல் ஊறும் தொட்டிகளில் வெறுங்காலோடு இறங்கி நின்ற தொழிலாளரின் தோலும் நுரையீரலும் கிணற்றுக்கு முன்னரே கெட்டிருக்கும். இத்தொழிலின் கடினமான பகுதிகளைத் தலைமுறைகளாகச் செய்து வருவோருள் தலித்துகளே மிகுதி என்பது தமிழகம் அறிந்த செய்தி. ஆனால் தீர்ப்பில் சாதி ஒரு பொருளாகவே தோன்றவில்லை. ஆலை மூடப்பட்டால் உழைப்பாளரின் கூலி என்னாகும் என்பதற்குத் தனி ஏற்பாடும் அதன் கட்டளைகளில் இல்லை. நீதிமன்றத்திற்கு இது தெரியாத செய்தியென்று சொல்ல இயலாது. அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தாத் தோல் ஆலைகளை இடம் மாற்றக் கட்டளையிட்டபோது, தொழிலாளரின் வேலைத் தொடர்ச்சிக்கும் ஊதியத்திற்கும் இழப்பீட்டிற்கும் விரிவான பாதுகாப்பை அதே நீதிமன்றம் எழுதியது. ஆகஸ்டில் விடுபட்டது டிசம்பரில் எழுதப்பட்டது என்றால், கேட்கும் குரல் அவையில் இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு என ஊகிக்க இடமுண்டு.

இரண்டாவது, இழந்தோரின் சாட்சியம். புள்ளிவிவரம் உண்டு, ஆய்வுக்கூட அளவுகள் உண்டு, மெல்லிய குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்த ஒரு பெண்ணின் வாக்குமூலம் பெயரோடு இல்லை. பொதுநல வழக்கின் இயல்பே அது எனலாம். பாதிக்கப்பட்டவர் வரவியலாதபோது அவருக்காக வேறொருவர் வரலாம் என்பதே அவ்வழக்குமுறையின் அடிப்படை. அவ்வாசலைத் திறந்தது பெரும் நன்மைதான். ஆனால் ஒருவருக்காகப் பேசும் பழக்கம் நிலைத்துவிட்டால், அவரைப் பேசவிட வேண்டும் என்ற நினைவே மங்கிவிடும்.

மூன்றாவது, நிறைவேற்றம். இழப்பை மதிப்பிட்டுப் பெற்றுத் தருவதற்கு ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கவேண்டும் என்று தீர்ப்பு விதித்தது. அவ்வாறே ஆணையமும் அமைந்தது. சென்னை உயர்நீதிமன்றம் இவ்வழக்குகளைக் கண்காணிக்கத் தனி அமர்வை அமைக்கவும் கேட்டுக்கொண்டது. இவை அனைத்தும் மேலிருந்து கீழே இறங்கும் ஏணிகள். கீழிருந்து ஏறுவதற்கு, அந்த 13 சிற்றூர்களின் மக்களுக்கு, என்ன ஏணி தரப்பட்டது? ஆலை மறுபடியும் கழிவைத் திறந்துவிடும் இரவில் அதைக் கண்டு எழுதி, எவரிடமேனும் கொடுத்துப் பதில் பெறும் அதிகாரம் அவர்களுக்கு எழுதப்பட்டிருந்ததா? இல்லை. இதன் விளைவு என்ன என்பதற்கு வேலூரின் வரலாறே சான்று. ஆணையம் 2001இல் அங்கு இழப்பீட்டை வகுத்தது; 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் அதே பாலாற்றுச் சீர்கேட்டைப் பற்றித் தீர்ப்பளித்து, எஞ்சியோருக்கு இழப்பீடு தரவும், கெடுத்தவரிடம் அதனை வசூலிக்கவும், கண்காணிப்புக் குழு அமைக்கவும் கட்டளையிட வேண்டியிருந்தது. 1991இல் தொடங்கிய ஒரு வழக்கின் பொருள் முப்பத்துநான்காம் ஆண்டிலும் முடியவில்லை. முதல் வழக்கின்போது பிறந்த குழந்தைக்குக் குழந்தைகள் பிறந்திருக்கும்.

4. இரண்டாம் ஆவணம்: வேலையிடத்தைப் பற்றிய உடன்படிக்கை

திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரங்களில் நூற்பாலைகளும் ஆடை ஆலைகளும் பெருகியபோது அவற்றின் உழைப்பாளராக வந்தோர் பெரும்பாலும் இளம்பெண்கள். திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசைகாட்டிச் சில ஆண்டுகள் விடுதியில் அடைத்து வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்டம்' என்ற முறை இப்பகுதிகளில் பெற்ற கெட்ட பெயரை வாசகர் அறிவர். மங்கலமான பெயரால் அமங்கலமான ஒன்றை மூடிய அச்சொல்லே தனியாக ஆராயத்தக்கது.

2021 ஜனவரியில், உலகப் பெருவணிக நிறுவனங்களுக்கு ஆடை தைத்துத் தந்த ஒரு கம்பெனியின் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் அக்கொலைக்காகக் கைது செய்யப்பட்டார். அப்பெண் ஏற்கெனவே தொல்லைக்கு ஆளாகியிருந்தார் என்று அவருடைய குடும்பத்தாரும் உடன் உழைத்தோரும் கூறினர். வேலையிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 1997இல் விசாகா தீர்ப்பு நெறிகளை வகுத்திருந்தது. 2013இல் தனிச்சட்டம் வந்திருந்தது. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடமெங்கும் உள்ளகக் குழு இருக்கவேண்டும் என்பது விதி. சட்டம் இல்லாமையால் அப்பெண் இறக்கவில்லை. சட்டத்திற்கும் அவர் நின்ற தையல் வரிசைக்கும் இடையே இருந்த தூரத்தில் இறந்தார்.

தலித் பெண்களைப் பெரும்பான்மையாகக் கொண்டதும் பெண்களே தலைமை தாங்குவதுமான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் இவ்விடயத்தைக் கையிலெடுத்தது. ஆசிய அடிப்படை ஊதியக் கூட்டமைப்பும் அமெரிக்காவிலுள்ள தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் துணைநின்றன. ஓராண்டுக்கும் மேலான போராட்டத்திற்குப் பின் 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம் உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. எச் அண்ட் எம் நிறுவனமும், பின்னர் கேப், பி.வி.எச். நிறுவனங்களும் தத்தம் பங்குக்குக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டன. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரை அது தழுவியது.

இவ்வாவணத்தின் அமைப்பை முன்னதன் அமைப்போடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். பால் அடிப்படையிலான வன்முறையோடு சாதி அடிப்படையிலும் புலம்பெயர்ந்தோர் என்ற அடிப்படையிலும் காட்டப்படும் வேற்றுமையையும் இது பெயர் சொல்லித் தடுக்கிறது. தீர்ப்பு உச்சரியாத சொல்லை உடன்படிக்கை எழுதியது. அடுத்து, தொழிலாளருள்ளிருந்தே சங்கத்தின் பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் வேலைத்தளத்திலேயே நிற்கின்றனர். குறையைக் கேட்பவரும் பக்கத்து இயந்திரத்தில் தைப்பவரே. சென்னையிலிருந்தோ தில்லியிலிருந்தோ எவரும் வரவேண்டியதில்லை. முறையிட்டவரைப் பழிவாங்குதல் தடுக்கப்பட்டிருக்கிறது. நிருவாகம் தீர்க்காத முறையீட்டை ஆலைக்குக் கட்டுப்படாத மதிப்பீட்டாளர் விசாரித்துத் தீர்வு கூறலாம். அத்தீர்வை ஆலை மீறினால், துணி வாங்கும் வணிக நிறுவனங்கள் வணிகத்தைக் குறைக்கக் கடமைப்பட்டிருக்கின்றன. அறிவுரையோடு நில்லாமல், மீறினால் விளைவு என்ன என்பதையும் இது எழுதிவைத்திருக்கிறது.

உடன்படிக்கையின் தரப்பினர் 2023இல் வெளியிட்ட முதலாண்டு அறிக்கையின்படி 185 முறையீடுகள் எழுந்தன. அவற்றுள் 98 விழுக்காடு தீர்க்கப்பட்டன. பெரும்பாலானவை ஒரு வாரத்திற்குள் முடிந்தன. அறிக்கை எழுதியோர் உடன்படிக்கையின் தரப்பினரே என்பதை மனத்திற்கொண்டே இவ்வெண்களை ஏற்கவேண்டும். எனினும் முறையீடுகள் எழுந்தன என்பதே பெரிய செய்தி. முறையீடே இல்லாத ஆலையை அமைதியான ஆலை என்று எண்ணுவது பழைய பிழை. அங்கே அமைதியாய் இருப்பது பெரும்பாலும் அச்சமே.

5. பின்னதன் எல்லைகள்

முன்னதைக் குறைகூறிப் பின்னதைப் போற்றி முடிப்பது எளிது; ஆனால் அது திறனாய்வாகாது. உடன்படிக்கைக்கும் கடுமையான எல்லைகள் உண்டு.

அது சட்டமன்று, ஒப்பந்தம். அதன் வலிமை அயல்நாட்டு வணிக நிறுவனங்களின் கொள்முதலிலிருந்து வருகிறது. நாளை அவை வேறு நாட்டில் துணி வாங்கினால் அவ்வலிமை எங்கே நிற்கும்? ஒரு நிறுவனத்தின் ஆலைகளை மட்டுமே அது கட்டுப்படுத்தியது. அடுத்த காம்பவுண்டுச் சுவருக்கு அப்பாலுள்ள நூற்பாலையில், உள்நாட்டுச் சந்தைக்கு நூல் நூற்கும் பெண்ணுக்கு அதில் இடமில்லை. அவளுக்கு எஞ்சியிருப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டமும், மாவட்ட அளவிலான புகார்க் குழுவும், 12ஆம் பிரிவுமே. ஆகவே ஒப்பந்தத்தின் வெற்றி அரசின் கடமையைக் குறைத்துவிடவில்லை. அரசு செய்யாமல் விட்டது எவ்வளவு என்பதையே அது அளந்து காட்டுகிறது.

மற்றொரு செய்தியும் உண்டு. உடன்படிக்கை கையொப்பமாகி மூன்று மாதங்களுக்குப் பின், 2022 ஜூலை இறுதியில், அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்பு என்ற காரணத்தைக் காட்டி அவ்வாலையின் ஆடைகளைத் துறைமுகத்தில் நிறுத்தக் கட்டளையிட்டது. தொழிலாளர் போராடிப் பெற்ற தீர்வு நடைமுறைக்கு வரும் வேளையில், அவர்களுடைய வேலைக்கே இடையூறு நேரவிருந்தது. சங்கமும் பிறரும் உண்மையை எடுத்துக் கூறியபின் செப்டம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. நல்ல நோக்கத்தோடு தொலைவிலிருந்து தரப்படும் தீர்வு, உரியவரைக் கேளாமல் தரப்பட்டால் அவருக்கே கேடாகலாம் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ஆலைத் தொழிலாளரைப் பற்றி நாம் கண்ட மௌனமும் இதுவும் ஒரே வகையான குறை.

6. நாம் கற்பது

ஆகவே இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கொள்ளலாகாது. தீர்ப்பில் அரசின் ஆற்றலும் நாடு முழுவதையும் தழுவும் நெறியும் உண்டு. உரியவரின் கை அதில் இல்லை. உடன்படிக்கையில் உரியவரின் கை உண்டு. அரசின் ஆற்றலும் பொதுமையும் இல்லை. 13 சிற்றூர்களிலும் பயிற்சி பெற்ற நீர்க் கண்காணிப்பாளர்கள் இருந்து, அவர்களுடைய எழுத்துக்கு ஆணையம் குறித்த நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பு விதித்திருந்தால்? தையல் வரிசையில் நிற்கும் கண்காணிப்பாளருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவர் கடமையாகத் துணைநின்றால்? இரண்டும் கைகூடாத கற்பனைகள் அல்ல. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஊர்தோறும் சட்டத் தன்னார்வலரை அமர்த்தும் திட்டம் முன்பே இருக்கிறது. அதில் சேரிகளிலிருந்தும் மில் விடுதிகளிலிருந்தும் எத்தனை பெண்கள் சேர்க்கப்படுகின்றனர் என்று கேட்பதே நம் வேலை.

இவ்விடத்தில் நம் வாசகர் நன்கறிந்த ஓர் உவமையை நினைவூட்டுவது பொருந்தும். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வரும் கைம்பெண் நியாயக்கேடான நீதிபதியிடம் மீண்டும் மீண்டும் சென்றாள். சோர்ந்துபோகாத ஜெபத்திற்கு எடுத்துக்காட்டாகவே நம் பிரசங்கங்கள் அவளைக் காட்டுகின்றன, அது தகும். ஆனால் அக்கதையில் நாம் எளிதில் கடந்துவிடும் ஒன்று உண்டு. அவளுக்காக வேறெவரும் பேசவில்லை. வழக்கும் அவளுடையது, வாயும் அவளுடையது, வாசலில் நின்று தொல்லைகொடுக்கும் உரிமையும் அவளுடையது. அவள் வருவதை நிறுத்தியிருந்தால் நீதிபதி மறந்திருப்பான். திருச்சபையின் சட்ட உதவிப் பணி அவளுக்குப் பதிலாக உள்ளே சென்று பேசிவிட்டு வெளியே வந்து செய்தி சொல்வதாக அமைந்தால், அது கதையை மாற்றி எழுதுவதாகும். அவள் வாசலுக்கு வரும் வழியில் அவளை மிரட்டுவோரை விலக்குவதும், பேருந்துக் காசுக்கும் அன்றைய கூலிக்கும் வழிசெய்வதும், வாய்தாத் தேதியை அவளுக்குத் தெரிந்த தமிழில் எழுதித் தருவதும், அவளோடு நிற்பதுமே உரிய பணி.

இதனை நடைமுறையில் எங்கே தொடங்கலாம்? திண்டுக்கல் சமவெளியில் ஊழியம் செய்வோருக்கும் அவ்வழி செல்லும் நம் மாணவருக்கும் மூன்று செய்திகளை முன்வைக்கிறோம். தங்கள் வட்டத்தின் சட்டப்பணிகள் குழு நீதிமன்ற வளாகத்தில் எங்கே இருக்கிறது, எந்நாளில் வழக்கறிஞர் அமர்கிறார் என்பதை அவர்கள் நேரில் சென்று அறிந்திருக்கவேண்டும். அறியாதவர் பிறரை அனுப்ப இயலாது. 12ஆம் பிரிவின் பட்டியலையும், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புகார் தரும் முறையையும் எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, மில் பேருந்து நிற்கும் இடங்களில் கிடைக்கச் செய்யலாம். அத்தாளை அச்சுக்கு அனுப்புமுன், அப்பேருந்தில் ஏறும் பெண் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர் திருத்தியபின்பே அச்சிடவேண்டும். மூன்றாவதாக, கெட்டுப்போன கிணறுகளின் கணக்கை அந்தந்த ஊராரே எடுக்கவும், ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறவும் துணைநிற்கலாம். 467 கிணறுகளின் கணக்கு ஒருமுறை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவற்றுள் இன்று எத்தனையில் குடிக்கத்தக்க நீர் இருக்கிறது என்பதை, அந்த ஊர்களின் பெயர்களைப் பிழையின்றி எழுதத் தெரிந்தவர்களே அடுத்த ஆவணத்தில் எழுதவேண்டும்.